மெல்லச் சொன்ன யானை

உங்களிடம் ஒரு படகு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுமரம் இல்லை. அமெரிக்காவில் ஃப்ளோரிடா கரையோரமாக, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலைக் கிழித்துக்கொண்டு போகுமே, மூக்கு நீண்ட வேகப்படகு, அந்த ரகம். கற்பனைதானே, அதில் என்ன கஞ்சத்தனம்?

படகுக்குள் 8.2 லிட்டர், வி-8 பெட்ரோல் இன்ஜின். ஏழெட்டு வருஷமாக ஒழுங்காக உழைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் பக்கத்துப் படகுக்காரர் உங்களை முந்திப் போகும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போகிறார். அந்தக் கையாட்டல் உறுத்துகிறது. இன்ஜினைக் கழற்றி ஒரு டியூனரிடம் கொடுக்கிறீர்கள். அவர் கேம் ஷாஃப்டை மாற்றுகிறார், சிலிண்டர் ஹெட்டை மாற்றுகிறார், பெரிய கார்புரேட்டராகப் பார்த்துப் போடுகிறார். பிறகு இன்ஜினை டைனோவில் ஏற்றி முழு மூச்சாக ஓட விடுகிறார். காது கிழிகிற சத்தம். சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. பிரிண்டரிலிருந்து ஒரு தாள் வருகிறது. தாளில் இரண்டு வளைகோடுகள். உச்சியில் ஒரு எண்: 600 குதிரைத்திறன்.

பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறீர்கள். ஃப்ரேம் போட்டு மாட்டாத குறை.

நாலு மாதம் கழித்து, கரையிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி, மனைவி குழந்தைகளோடு போய்க்கொண்டிருக்கும்போது, இன்ஜின் ஒரு மாதிரி உறுமிவிட்டு நின்றுபோகிறது. பிஸ்டன் உடைந்திருக்கிறது. கார் நின்றுபோனால் இறங்கி ஓரமாக நிற்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் பக்கத்தில் டீக்கடைகூட இருக்கும். கடலில் ஓரம் என்று ஒன்று கிடையாது.

இப்போது கேள்வி. அந்த டியூனர் உங்களிடம் பொய் சொன்னாரா?

சுலபமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் என்னால் ஒரே மூச்சில் 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்ல முடியவில்லை. காரணம், அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு எண்ணும் உண்மை. இதை விளக்க, அந்த டைனோ என்ன செய்கிறது என்று முதலில் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். பயப்படாதீர்கள், கணக்கு இரண்டே வரிதான்.

டைனமோமீட்டர் என்பதன் செல்லப்பெயர் டைனோ. பெயர்தான் மிரட்டும், உள்ளே இருப்பது வெறும் பிரேக். 1877ல் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேய இன்ஜினீயர், பெரிய கப்பல்களின் ப்ரொப்பல்லருக்கு இன்ஜினிலிருந்து எவ்வளவு சக்தி போய்ச் சேருகிறது என்று பிரிட்டிஷ் கடற்படைக்கு அளந்து சொல்வதற்காக ஒரு நீர் பிரேக்கை உருவாக்கினார். ஆக, நீர் டைனோ பிறந்ததே கப்பலுக்காகத்தான். இன்றைக்கும் டியூனர்களின் பட்டறைகளில் அதன் பேரன் பேத்திகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அமைப்பு எளிமையானது. தண்ணீர் நிரம்பிய ஓர் இரும்புக் கூடு. அதற்குள் துடுப்புகள் கொண்ட ஒரு சக்கரம். இன்ஜின் அந்தச் சக்கரத்தைச் சுழற்றும்போது தண்ணீர் எதிர்த்து நிற்கிறது. எதிர்க்கிற தண்ணீர் கூட்டையும் சேர்த்துச் சுழற்றப் பார்க்கிறது. கூடு சுழன்றுவிடாமல் ஒரு கம்பி பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கம்பியின் மேல் எவ்வளவு விசை விழுகிறது என்று பார்த்து, கம்பியின் நீளத்தால் பெருக்கினால் வருவது டார்க், முறுக்குவிசை. இன்ஜின் கொட்டிய சக்தியெல்லாம் கடைசியில் வெந்நீராக வெளியே போய்விடுகிறது.

சும்மா சுழன்றுகொண்டிருக்கிற இன்ஜினின் பலம் யாருக்கும் தெரியாது, தடுத்தால்தான் தெரியும். மனிதர்களைப் பற்றியும் இதைச் சொல்லலாம். அது வேறொரு வாரத்துக்கு இருக்கட்டும், டியூனர் காத்திருக்கிறார்.

டைனோ அளப்பது டார்க்கை மட்டும்தான். குதிரைத்திறனை அது அளப்பதே இல்லை. கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஒரு குதிரை ஒரு நிமிஷத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கும் என்று 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் வகுத்துவைத்த கணக்கு இன்னும் செல்லுபடியாகிறது. பவுண்டு-அடியில் டார்க்கை எடுத்து, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கி, 5,252 ஆல் வகுத்தால் குதிரைத்திறன். உங்கள் இன்ஜின் 5,200 சுற்றில் 606 பவுண்டு-அடி தந்தது. பெருக்கி வகுத்துப் பாருங்கள், 600.

இதிலிருந்தே ஒரு சின்னச் சோதனை கிடைக்கிறது. இரண்டு கோடுகளும் ஒரே அளவுகோலில் வரையப்பட்டிருந்தால், 5,252 சுற்றில் அவை ஒன்றையொன்று வெட்டியே ஆக வேண்டும். எந்த நாட்டு இன்ஜினாக இருந்தாலும் சரி. வெட்டவில்லையென்றால் தாளில் ஏதோ தப்பு.

உங்கள் தாளில் வெட்டியது. எல்லாம் சரியாகவே இருந்தது. அப்புறம் எங்கே கோளாறு?

தாளின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், சில சங்கதிகள் இருந்தன. நீங்கள் படிக்கவில்லை. நானாக இருந்தாலும் படித்திருக்க மாட்டேன்.

முதல் சங்கதி, தட்பவெப்பம். இன்ஜின் குடிப்பது பெட்ரோலை மட்டுமல்ல, காற்றையும். குளிர்ந்த, வறண்ட, அடர்த்தியான காற்று கிடைத்தால் சக்தி கூடும். வெயிலும் புழுக்கமும் இருந்தால் குறையும். அதனால் இன்றைக்கு ஓட்டியதையும் அடுத்த மாதம் ஓட்டியதையும் ஒப்பிட வேண்டுமென்றால், இரண்டையும் ஒரு பொதுவான தட்பவெப்பத்துக்குத் திருத்தி எழுத வேண்டும். நியாயமான ஏற்பாடு. ஆனால் பொதுவானது என்று புழங்குவது ஒன்றல்ல, இரண்டு. பழைய முறை, 60 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில், காற்றழுத்தம் 29.92 அங்குலம் இருக்கும் நாளுக்குத் திருத்துகிறது. புதிய முறை, 77 டிகிரியில், 29.23 அங்குலத்துக்குத் திருத்துகிறது. அதே இன்ஜின், அதே ஓட்டம், அதே விநாடி. பழைய முறையில் போட்டால் சுமார் 4 சதவீதம் கூடுதலாக வரும். உங்கள் 600 பழைய கணக்கு. புதிய கணக்கில் 577. கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டியதில் 23 குதிரைகள் லாயத்துக்குள் வந்துவிட்டன. தீனிகூடப் போட வேண்டாம்.

இரண்டாவது சங்கதி, உடுப்பு. படகுக்குள் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமாக இருப்பதால் அடித்தளத்தில் தேங்கும். கார்புரேட்டர் வழியாக ஒரு நெருப்புப் பொறி வெளியே வந்தால் போதும், படகு வெடித்துவிடும். அதனால் தீத்தடுப்பு வலை ஒன்றைக் காற்று நுழையும் வாயில் பொருத்த வேண்டும். அவுட்போர்டு மோட்டார்களைத் தவிர, 1940 ஏப்ரல் 25க்குப் பிறகு படகில் பொருத்திய எந்தப் பெட்ரோல் இன்ஜினுக்கும் இந்த மாதிரிப் பாதுகாப்பு இருந்தே ஆக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். டைனோவில் அதைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் ஓட்டினார்கள். மூச்சு தாராளமாகப் போனது. எக்ஸாஸ்டும் அப்படியே. கடலில் அந்தச் சூட்டைத் தணிக்க, வெளியேறும் புகையோடு கடல்நீரைக் கலந்து அனுப்புவார்கள். டைனோவில் வெறும் குழாய், தண்ணீர் இல்லை. இதனால் சக்தி கொஞ்சம் கூடும் என்பதோடு இன்னொரு ஆபத்தும் மறைந்துபோகிறது. பெரிய கேம் ஷாஃப்ட் போட்ட இன்ஜின் மெதுவாக ஓடும்போது, எக்ஸாஸ்டில் இருக்கும் தண்ணீரைத் திரும்பத் தனக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளக்கூடும். உப்புத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் இல்லாத டைனோ அதை எப்படிக் காட்டும்?

மூன்றாவது, நேரம். விறுவிறுவென்று மேலே ஏற்றி இறக்கிவிடும் ஓட்டம் ஒன்று. ஒவ்வொரு வேகத்திலும் நிறுத்தி, சூடு நிலைப்பட்டு எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்து அளப்பது இன்னொன்று. முதலாவது இன்ஜினின் தம்மைச் சொல்லும். இரண்டாவதுதான் அதன் பொறுமையைச் சொல்லும். உங்களுக்கு நடந்தது முதலாவது. அதுவும் மூன்று தடவை ஓட்டினார்கள். 593, 600, 596. தாளில் ஏறியது எது என்று உங்களுக்கே தெரியும். எதையுமே மாற்றாமல் ஓட்டும்போதே ஏழு குதிரை ஏறி இறங்குகிறது. அப்படியிருக்க, 'இந்தப் பார்ட்டைப் போட்டதில் நாலு குதிரை கூடிச்சு' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இதெல்லாம் அற்ப விஷயம், 600 போய் 550 ஆனால் என்ன குடிமுழுகிப்போகும் என்று கேட்கலாம். நியாயம்தான். குடி முழுகும் இடம் வேறு.

காரும் படகும் ஒன்றல்ல. ஒரு வேகமான காரை நீங்கள் முழு ஆக்ஸிலரேட்டரில் எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள்? பத்து செகண்ட்? அதற்குள் சிக்னல் வந்துவிடும், அல்லது போலீஸ் வந்துவிடும். வேகம் பிடித்ததும் காலை லேசாக எடுத்துவிடலாம், கார் தானாக உருளும். படகு உருளாது. தண்ணீர் ஒரு கணம்கூட விடாமல் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். ப்ரொப்பல்லர் கேட்கும் சக்தி, சுற்றின் எண்ணிக்கை மும்மடிப் பெருக்கமாக ஏறும்போது எப்படி ஏறுமோ, ஏறத்தாழ அப்படி ஏறும். உச்சச் சுற்றில் 80 சதவீதத்துக்கு இறங்கி வந்தால், பாதிச் சக்தியே போதும். கடைசி 20 சதவீத வேகத்துக்காக இன்னொரு பாதி சக்தியைக் கொட்ட வேண்டியிருக்கிறது. அந்த உச்சத்தில் மணிக்கணக்காக ஓடும் இன்ஜின், ஏற்றம் முடியாத மலைப்பாதையில் முழுச் சுமையோடு ஏறிக்கொண்டே இருக்கும் லாரி மாதிரி.

ஆகவே படகு இன்ஜினுக்கு உச்சி எண் மட்டும் போதாது. கோடு முழுவதையும் படிக்க வேண்டும். நடுவேகத்தில் டார்க் போதுமான அளவு இல்லையென்றால், படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, தண்ணீருக்கு மேல் ஏறிச் சறுக்கும் நிலைக்கு வராமல் திணறும். உச்சி எண்ணுக்காகப் போட்ட பெரிய கேம் ஷாஃப்ட், பல சமயம் அந்த நடுப்பகுதியில் இருந்துதான் எடுத்துக் கொடுக்கிறது. ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் வைத்துவிட்டு, பணக்காரனாகிவிட்டேன் என்று சொல்வது மாதிரி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கடைசிச் சங்கதி. சிலிண்டருக்குள் பெட்ரோலை எப்போது பற்றவைப்பது என்பதை டிகிரியில் சொல்வார்கள். கொஞ்சம் முன்னால் பற்றவைத்தால் சக்தி கூடும். இன்னும் முன்னால் தள்ளினால் இன்னும் கூடும். ஆனால் ஓர் இடத்துக்குப் பிறகு கோடு தட்டையாகிவிடும். அங்கே இரண்டு டிகிரி தள்ளினால் கிடைப்பது நாலைந்து குதிரைதான். ஆனால் அந்த இரண்டு டிகிரி, இன்ஜினைப் பள்ளத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். பெட்ரோலும் அப்படித்தான். எரிபொருளைக் கொஞ்சம் தாராளமாக விட்டால் உள்ளே சூடு தணியும், சக்தி ஒரு துளி குறையும். கஞ்சத்தனமாக விட்டால் எண் ஏறும், சூடும் ஏறும். சில விநாடிகள் ஓடும் டைனோவில் ஒன்றும் ஆகாது. மூடிய அறைக்குள், கொதிக்கிற காற்றைக் குடித்துக்கொண்டு, வாங்கிய பெட்ரோல் கொஞ்சம் மட்டமாக வேறு இருந்து, ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடும்போது, சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிவதற்குப் பதில் வெடிக்க ஆரம்பிக்கும். எக்ஸாஸ்ட் சத்தத்தில் அது உங்கள் காதில் விழாது. பிஸ்டன் உடைந்த பிறகுதான் தெரியும்.

உங்கள் இன்ஜினுக்கு நடந்தது அதுதான். தாளில் நாலைந்து குதிரை கூடுதலாகத் தெரிவதற்காக, கடலில் உங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டிய இடைவெளியை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது பழைய கேள்விக்கு வருவோம். டியூனர் பொய் சொன்னாரா?

மகாபாரதத்தில் ஒரு கட்டம். துரோணரை வீழ்த்த வேறு வழி இல்லை. அவர் மகன் அசுவத்தாமன் செத்துவிட்டான் என்று நம்பவைத்தால் வில்லைக் கீழே போட்டுவிடுவார். அசுவத்தாமன் என்ற பெயருள்ள யானையைக் கொன்றுவிடுகிறார்கள். துரோணர் யார் சொல்லையும் நம்பவில்லை. பொய்யே சொல்லாத தருமரிடம் கேட்கிறார். தருமர், அசுவத்தாமன் இறந்துவிட்டான் என்று உரக்கச் சொல்கிறார். யானை என்பதை மட்டும் மெல்லச் சொல்கிறார். அது துரோணரின் காதில் விழவில்லை.

தருமர் சொன்னதில் எந்தச் சொல் பொய்? ஒன்றுகூட இல்லை. ஆனால் அதுவரை தரையில் படாமல் நாலு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய தேர், அந்தக் கணத்தில் மண்ணுக்கு இறங்கிவிட்டது என்கிறது கதை. சொல்லில் பொய் இல்லை என்ற வாதத்தைத் தேர் ஏற்றுக்கொள்ளவில்லை.

டைனோ தாளின் அடியில் இருக்கும் பொடி எழுத்துதான் அந்த யானை. 600 என்பதை உரக்கச் சொல்லியாகிவிட்டது. 'பழைய திருத்தல் முறையில், தீத்தடுப்பு வலை இல்லாமல், உலர்ந்த எக்ஸாஸ்டோடு, சில விநாடிகளுக்கு' என்பதை மெல்லச் சொல்லியாகிவிட்டது. சட்டப்படி யாரும் எதுவும் கேட்க முடியாது.

டியூனர் பக்கத்தையும் கேட்டுவிடுவோம், அவரும் குடும்பஸ்தர். அவர் சொல்லுவார்: 'சார், நீங்க என்ன கேட்டீங்க? எவ்வளவு வரும்னு கேட்டீங்க. எத்தனை நாள் வரும்னு கேட்கவே இல்லை. பக்கத்துப் பட்டறையில 600 காட்டறான். நான் ஒழுங்கா எல்லாத்தையும் மாட்டி, புதுக் கணக்குல போட்டு, ரெண்டு டிகிரி பின்னால வெச்சு, 545னு காட்டினா என்கிட்ட நீங்க வந்திருப்பீங்களா?'

வந்திருக்க மாட்டோம். இதுதான் இதில் கசப்பான இடம். பெரிய எண்ணைக் கேட்கிற நாம் இருப்பதால்தான் பெரிய எண்ணைக் காட்டுகிற அவர் இருக்கிறார். நாணயமாகத் தொழில் செய்கிறவர் வெளியில் தெரிவதில்லை, அவர் தாளில் இருக்கும் எண் எப்போதும் சிறியதாக இருப்பதால். ஒருவர் மட்டும் யோக்கியமாக இருந்தால் அவருக்கு நஷ்டம். அதனால் எல்லோரும் ஒரே சமயத்தில் யோக்கியமாக வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கார் கம்பெனிகளுக்கு ஒரு தடவை அப்படித்தான் நடந்தது. 1971 வரை, ஃபேன், ஏர் ஃபில்டர், சைலன்சர் மாதிரி சமாசாரங்களைக் கழற்றிவைத்துவிட்டு அளந்த எண்ணையே பெரிதாக விளம்பரம் செய்தார்கள். 1972லிருந்து காரில் இருப்பதுபோலவே எல்லாவற்றையும் மாட்டி அளப்பது என்று மாறினார்கள். 454 கன அங்குல கார்வெட் இன்ஜின் 1971ல் 365 குதிரை என்று விளம்பரமானது. 1972ல் 270. பெரும்பாலும் அதே இன்ஜின்தான். 95 குதிரைகள் ஓடிப்போய்விடவில்லை. அவை எப்போதுமே இருந்ததில்லை.

ஆனால் அளவை யோக்கியமாக்கிவிட்டால் மனிதன் யோக்கியமாகிவிடுவானா? 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் கம்பெனி மாட்டிக்கொண்ட கதை ஞாபகம் இருக்கும். டீசல் கார்களின் புகையை, சக்கரங்களை டைனோவின் உருளைமேல் ஏற்றிவைத்துச் சோதிப்பார்கள். சக்கரம் சுழலும், ஆனால் ஸ்டீயரிங் திரும்பாது. காருக்குள் இருந்த சாஃப்ட்வேர் இந்த மாதிரி அறிகுறிகளை வைத்து, 'ஓகோ, இன்றைக்குப் பரீட்சை' என்று கண்டுபிடித்து, அந்த நேரம் மட்டும் புகையை அடக்கி வாசித்தது. ரோட்டுக்கு வந்ததும், நைட்ரஜன் ஆக்ஸைடு சட்டம் அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை போனது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். தேர்வுத் தாளில் இருந்த எண் அங்கேயும் உண்மைதான். அந்த நிமிஷத்துக்கு.

படகுப் பட்டறையில் நடந்தது இதன் ஒன்றுவிட்ட தம்பி. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அளப்பது எதற்காக என்பது மறந்துபோய், அளவே நோக்கமாகிவிடுவது.

டைனோ ஒரு கேள்வி கேட்கும் கருவி. போன வாரத்தைவிட இன்றைக்குத் தேவலையா, எந்தச் சிலிண்டர் மற்றதைவிடச் சூடாகிறது, எந்த இடத்தில் கோடு சுணங்குகிறது, விளிம்பு எங்கே இருக்கிறது என்று டியூனர் தனக்குத் தெரிந்துகொள்ளத்தான் அது. விளிம்பு எங்கே என்று தெரிந்தால்தான் அதற்கு இத்தனை அடி முன்னால் நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். அதே கருவியை அடுத்தவரை அசத்துவதற்குப் பயன்படுத்த ஆரம்பித்ததும், விளிம்புக்கே போய் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் ஆசை வந்துவிடுகிறது.

பிறருக்குத் தீங்கு தராத சொல்தான் வாய்மை என்று வள்ளுவர் இலக்கணம் வகுத்திருக்கிறார். இருப்பதை இருக்கிறபடி சொல்வது என்பதோடு அவர் நிற்கவில்லை. சிறு வயதில் இதைப் படித்தபோது, இது என்ன வழவழா இலக்கணம், உள்ளதைச் சொன்னால் உண்மை, அவ்வளவுதானே என்று தோன்றியிருக்கிறது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஓர் எண் சரியாக இருக்கலாம். அதை நம்பி ஒருவர் குடும்பத்தோடு நடுக்கடலில் போய் நிற்கிறார் என்றால், அந்த எண்ணைச் சொன்னவரின் பொறுப்பு எண்ணோடு முடிந்துவிடுமா? கேட்பவருக்குத் தெரியாதது சொல்பவருக்குத் தெரியும். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு கடமை சொல்பவருக்கு இருக்கிறது. ஆகவே என் பதில்: டியூனர் பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையும் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய இடம் இருக்கிறது என்பது தெரியாமலேயே நாம் பல பேர் அங்கே வீடு கட்டிக் குடியிருக்கிறோம்.

கேட்பவருக்கும் கடமை இல்லாமல் இல்லை. அடுத்த தடவை நீங்கள் டியூனரிடம் போனால், எண்ணைக் கடைசியாகக் கேளுங்கள். எந்தத் திருத்தல் முறை? தீத்தடுப்பு வலை மாட்டியிருந்ததா? எக்ஸாஸ்ட் படகில் இருக்கப்போவதா, வேறா? எத்தனை தடவை ஓட்டினீர்கள், மூன்றையும் காட்டுங்கள். ஒரே வேகத்தில் நிறுத்தி எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள்? விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்தியிருக்கிறீர்கள்? இத்தனையும் கேட்டால் அவருக்கு ஒன்று புரிந்துவிடும், இந்த ஆள் சின்ன எண்ணைக் காட்டினாலும் ஓடிப்போக மாட்டார் என்று. நாணயமாக இருக்க அவருக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி அது.

நல்ல டியூனராக இருந்தால், இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் அவரே உங்களை ஒரு கேள்வி கேட்பார். 'இந்தப் படகில் யார் யாரெல்லாம் வருவார்கள்?' அந்தக் கேள்வியை டைனோ கேட்காது. ஒரு மனிதர்தான் கேட்க முடியும்.

உங்களிடம் படகு இல்லை, எனக்குத் தெரியும். என்னிடமும் இல்லை. ஆனால் எண்கள் இருக்கின்றன. பையனின் மார்க், ஸ்கூட்டரின் மைலேஜ், மியூச்சுவல் ஃபண்டின் லாப சதவீதம், கிளினிக்கில் டாக்டரைப் பார்த்த பயத்தில் ஏறிக்கொண்ட ரத்த அழுத்தம். தினம் யாராவது ஒரு தாளை நீட்டி ஓர் எண்ணை உரக்கப் படித்துக் காட்டுகிறார்கள். நாமும் நம் முறை வரும்போது, இன்டர்வியூவிலோ பெண் பார்க்கப் போன இடத்திலோ, எண்ணை உரக்கப் படிக்கிறோம்.

வாங்கும்போது, யானையைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கொடுக்கும்போது, யாரும் கேட்காமலே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். தேர் நாலு விரற்கடை உயரத்தில் ஓடாவிட்டாலும் போகிறது, ஊர் போய்ச் சேரும்.